நாற்பத்தொரு மார்க் பள்ளிக்கூடம்

பாப்பா,

கல்யாணமாகி இரண்டு வருடமான பெண்ணை, அதுவும் அரசாங்கப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்துவிட்ட பெண்ணை, இன்னும் பாப்பா என்று கூப்பிடலாமா என்று மாப்பிள்ளை கேட்பார். கேட்கட்டும். மத்திகிரியில் நம் தெரு முழுக்க உன்னை அந்தப் பெயரில்தான் தெரியும். மூன்று வாரமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ நாலு தரம் போன் செய்தாய். நாலு தரமும் போனை உன் அம்மாவிடம் நீட்டிவிட்டு நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். போனில் பேசினால் எனக்குக் குரல்தான் ஏறும், விஷயம் ஏறாது. அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, உன் அம்மா கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், கம்பெனியில் கொடுத்த பழைய டைரியிலிருந்து தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு அவள் பாகலூர் ரோட்டுக்கு உன் வீட்டைப் பார்க்க வரும்போது குழம்புத் தூக்கோடு இதையும் கொண்டுவருவாள். குழம்பை முதலில் சாப்பிடு. அப்புறம் இதைப் படி.

இந்த மாதக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. பல்சக்கரம் செய்கிற கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் தரப் பரிசோதகனாக நின்றுவிட்டேன். நீ சின்னவளாக இருந்தபோது உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "எங்கப்பா எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிப்பாரு" என்பாய். கேட்டவர்கள் சிரிப்பார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது வீட்டிலும் நடக்கிற வேலை. இத்தனை வருடத்தில் நானும் தப்பு செய்திருக்கிறேன். நான் சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய பல்சக்கர பீஸ் திரும்பி வந்திருக்கிறது. மேனேஜர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன், அடுத்த நாள் தலையை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். கம்பெனியில் செய்த தப்பையெல்லாம் ஒப்புக்கொண்டவன், வீட்டில் செய்த ஒன்றை மட்டும் இவ்வளவு நாள் மூடி வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தத் தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் கவுன்சிலிங் முடிந்த கையோடு நீ போன் செய்தாய். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. நீ சந்தோஷத்தில் கத்திப் பேசினாய். "அப்பா, எந்த ஸ்கூல் வேணும்னு கேட்டாங்கப்பா. நம்ம ஏரிக்கரை ஸ்கூலு காலியா இருந்துச்சு. அதையே எடுத்துட்டேன்" என்றாய். உன் ரேங்குக்கு ஓசூரில் காலியாக இருந்த எந்த இடத்தையும் நீ எடுத்திருக்கலாம். நீ ஏழும் எட்டும் படித்த புதுக்கட்டிடப் பள்ளியிலேயே ஓர் இடம் இருந்தது என்று நீயே முந்தின நாள் சொல்லியிருந்தாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "அந்த நாப்பத்தியொரு மார்க் ஸ்கூலா? உன்ன அங்கருந்து வெளிய எடுக்க நான் எவ்ளோ பாடுபட்டேன், நீயே போய் அதுல விழுந்துட்டியா?" என்றேன். நீ, "தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ வேலையில் சேர்ந்த நாளில் உன் அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு உன்னோடு வந்தாள். நான் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

அந்த நாற்பத்தொரு மார்க் எங்கிருந்து வந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நீ ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் அது. எங்கள் லைனில் வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டு, டீ நேரத்தில் அந்தப் பள்ளிகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். நான் சாமல்பட்டியிலிருந்து வந்தவன், அரசாங்கப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. முடித்தவன். என் பெண்ணும் அரசாங்கப் பள்ளியில்தான் படிப்பாள் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. சரி, அரசாங்கப் பள்ளிதான், ஆனால் ஊருக்குள் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துப் போடுவேன், அதையும் ஆதாரத்தோடு காட்டுவேன் என்று கிளம்பினேன். நம் பக்கத்தில் எட்டாம் வகுப்பு வரை இருந்த நடுநிலைப் பள்ளிகள் நாலு. அதில் உன் பள்ளிக்கு ஏரிக்கரைப் பள்ளி என்றும், மற்ற மூன்றுக்கு ரயிலடிப் பள்ளி, தண்ணித்தொட்டிப் பள்ளி, புதுக்கட்டிடப் பள்ளி என்றும் உன் அம்மாதான் வீட்டுக்குள் பெயர் வைத்தாள்.

கம்பெனியில் பீஸ் பார்க்கிற மாதிரியே ஒரு செக் ஷீட் போட்டேன். கேட், கூரை, கழிப்பறை, குடிதண்ணீர், சத்துணவுக் கூடம், கரும்பலகை, ஆசிரியர் வருகை, பிரார்த்தனை வரிசை, ஒழுங்கு, வீட்டிலிருந்து தூரம் என்று பத்துக் கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் மத்தியானம்தான் வேலை என்பதால் காலையில் சும்மா இருப்பேன். அந்த வாரத்தில் நாலு நாள், நாலு பள்ளி. சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, காலைப் பிரார்த்தனை மணி அடிக்கிற நேரத்துக்குப் போய் நிற்பேன். என்னை யாரோ கல்வி ஆபீசிலிருந்து வந்தவர் என்று நினைத்து ரயிலடிப் பள்ளியில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நானும் இல்லையென்று சொல்லாமல் குடித்துவிட்டு வந்தேன். அதற்காக மார்க் ஒன்றும் கூட்டிப் போடவில்லை, அந்த மட்டுக்கு நேர்மை.

புதுக்கட்டிடப் பள்ளிக்கு எண்பத்தெட்டு வந்தது. பிள்ளைகள் நூல் பிடித்த மாதிரி வரிசையில் நின்றார்கள். வகுப்புகள் ஆரம்பித்த பிறகு வராந்தாவில் நடந்தால் என் செருப்புச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கடைசி நாள் உன் பள்ளிக்கு வந்தேன். உன் வகுப்புக்குப் பின்பக்கம், நீ பார்க்காத இடத்தில் நின்றேன். கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. குழாய் ஒழுகியது. எல்லாவற்றையும் விட, உன் வகுப்பில் ஒரே சந்தைச் சத்தம். ஒருத்தி தெலுங்கில் கத்துகிறாள், இன்னொருத்தன் கன்னடத்தில் பதில் சொல்கிறான், நடுவில் தமிழ். உன் கணக்கு டீச்சர் ரத்னம்மா, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார். வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒழுங்கு என்ற கட்டத்தில் முட்டை போட்டேன், வாத்தியார் மாதிரி பெரிதாகச் சுழித்துப் போட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. தூரத்துக்கு மட்டும்தான் பத்துக்குப் பத்து, ஏனென்றால் அது நம் தெரு முனையில் இருந்தது.

பரீட்சை முடிந்து ஆறாம் வகுப்பு தாண்டியதும் உன்னை அழைத்துக்கொண்டு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தேன். தலைமை ஆசிரியர் அறையில் ரத்னம்மா டீச்சரும் இருந்தார். அவர் முகம் கொஞ்சம் வாடியது எனக்குத் தெரிந்தது. "நல்லா படிக்கிற பொண்ணு சார். எங்க போனாலும் படிச்சுக்கும்" என்று மட்டும் சொன்னார். நான் செக் ஷீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தேன். கேட்டால் காட்டலாம் என்று. அவர் கேட்கவில்லை. திரும்பி வரும்போது நீ எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தாய். பேக்கரியில் நிறுத்தி தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டாய். நீ சாப்பிட்டதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உன் அம்மாவிடமும், "பாப்பாவுக்கு சந்தோஷம்தான், பன்னு சாப்ட்டுச்சு" என்று சொன்னேன். பதினொரு வயதுப் பிள்ளை பசித்தால் சாப்பிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

புதுக்கட்டிடப் பள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். நீயும் சொன்னதில்லை. உன் கையெழுத்து அங்கேதான் திருந்தியது. உதவித்தொகைப் பரீட்சைக்கு அவர்கள்தான் உன்னைச் சாயங்காலம் உட்காரவைத்துத் தயார் செய்தார்கள். நீ தேர்வானபோது அந்தத் தலைமை ஆசிரியை நம் வீட்டுக்கே வந்து உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் காலை ஏழரைக்கே டவுன் பஸ்ஸுக்குப் போய் நிற்பாய். சாயங்காலம் வந்தால் அன்றைக்கு நடந்த கதை ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் உள்ளே நுழையும்போதே மூன்று பாஷையில் யார் யாரை என்ன திட்டினார்கள் என்று நடித்துக் காட்டுவாய். உன் அம்மா அடுப்பைக் கவனிக்காமல் பாலைப் பொங்கவிடுவாள். ஏழாம் வகுப்பில் அது நின்றுபோனது. பெண் பெரியவளாகிவிட்டாள், அடக்கம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன். பீஸில் ஒரு நூலளவு வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். இது கண்ணுக்குத் தெரியவில்லை.

நீ எட்டாவது படிக்கும்போது நடந்ததுதான் முக்கியம். கம்பெனியில் சீனியர் பரிசோதகர் பதவிக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். அளவை எடுத்தால் மட்டும் போதாது, அம்பது பீஸின் சராசரி என்ன, எவ்வளவு விலகுகிறது, மிஷின் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போட்டுக் கோடு வரைந்து காட்ட வேண்டும். நான் எழுதினேன், ஃபெயிலானேன். வீட்டில் சொல்லவில்லை. இரண்டாம் தரம் எழுத ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கக் கொடுத்த புத்தகத்தை ஃபிரிட்ஜ் மேல் பழைய காலண்டருக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். ஃபிரிட்ஜைத் துடைக்கிறேன் என்று நீ எடுத்துவிட்டாய். "இன்னாப்பா இது, எங்க கணக்கு மாதிரியே இருக்குது" என்றாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமாகத்தான் பிடுங்க வந்தேன். நீ கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம், சாயங்காலம் உன் பாடம் முடிந்ததும், சமையலறையில் உன் அம்மா காய் நறுக்கும் இடத்தில் நமக்குப் பாடம். நீ எனக்குச் சொல்லித் தருவாய் என்று நினைத்தேன். நீ சொல்லித் தரவே இல்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "நீதான் டீச்சரு. நான் பேக்கு ஸ்டூடன்ட்டு. எனக்கு ஒண்ணுமே புரியல. சொல்லுப்பா" என்பாய். எனக்கே புரியாததை உனக்கு எப்படிச் சொல்வது என்று கத்துவேன். "புரிஞ்ச வரைக்கும் சொல்லு" என்பாய். நான் சொல்லிக்கொண்டே போய் ஓரிடத்தில் தட்டி நிற்பேன். "அங்கதான்ப்பா உனக்குப் புரியல. அதுக்கு முன்னாடி வரைக்கும் உனக்குத் தெரியும்" என்பாய். விலகல் கணக்கை உன் அம்மாவுக்கும் புரியும்படி வெண்டைக்காயை வைத்துச் சொல்லச் சொன்னாய். நானும் வெண்டைக்காய்களை நீளவாரியாக அடுக்கிச் சராசரி சொன்னேன். உன் அம்மா, "அதெல்லாம் இருக்கட்டும், நறுக்கட்டுமா வேணாமா?" என்று கேட்டாள். மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம். இரண்டாம் தரம் எழுதியதில் நான் தேறிவிட்டேன். லைனில் இருந்து எழுதியவர்களில் நான்தான் வயதில் மூத்தவன்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு, இந்த மாதிரிச் சொல்லித் தர யார் கற்றுக் கொடுத்தது என்று உன்னைக் கேட்டேன். புதுக்கட்டிடப் பள்ளியின் பெயரைச் சொல்வாய், நான் போட்ட எண்பத்தெட்டுக்கு இன்னும் ரெண்டு கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன். நீ ரத்னம்மா டீச்சர் பெயரைச் சொன்னாய். "அங்க ஒரு கணக்கு யாருக்குப் புரிஞ்சாலும், புரியாதவங்களுக்கு அவங்க பாஷையில சொல்லணும்ப்பா. தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்குல, கன்னடப் பிள்ளைக்குக் கன்னடத்துல. சொல்ல வரலன்னா நமக்கே புரியலன்னு அர்த்தம். டீச்சர் கடைசி பெஞ்சுல உக்காந்துகினு புரியாத மாதிரியே கேள்வி கேட்டுனு இருப்பாங்க" என்றாய். நான் முட்டை போட்ட சத்தம் அதுதான். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன செய்தேன்? "டீ ஆறுது, குடி" என்றேன். அன்றைக்கே உன்னிடம் ஒப்புக்கொண்டிருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். பதினாலு வருடம் கடத்திவிட்டேன். நீயும் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. உன் பெருந்தன்மை உன் அம்மா வழியில் வந்திருக்க வேண்டும்.

கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்வேன். ஷிஃப்ட் தொடங்கும்போது மிஷின் போடுகிற முதல் பீஸை எடுத்துவந்து காட்டுவார்கள். அது நன்றாகத்தான் இருக்கும். டூல் புதிது, ஆளும் புதிதாகக் குளித்துவிட்டு வந்திருப்பான். கடைசி பீஸையும் வந்து பார்க்காதவன் பரிசோதகனே இல்லை என்பேன். இதை நூறு பேருக்குச் சொன்னவன், நாலு பள்ளிக்கும் காலை மணி அடிக்கும்போது மட்டும் போய் நின்றுவிட்டு மார்க் போட்டேன். எந்தப் பள்ளிக்கும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்குகிற நேரத்தில் நான் போகவில்லை. வேறு வேலை செய்கிறவன் இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். எனக்கு மன்னிப்பு கிடையாது.

அதனால் போன புதன்கிழமை மத்தியானம் போனேன். ஆமாம், உன் பள்ளிக்குத்தான். மிச்சமிருக்கிற லீவை எடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனியில் விரட்டுகிறார்கள். தெரு முனை வரை நடந்து, பதினாறு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே பின்பக்கம் போனேன். சொல்லிவிடுகிறேன், கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறார்கள், ஆனால் குழாய் இப்போதும் ஒழுகுகிறது. வாஷர் தேய்ந்திருக்கிறது. அடுத்த வாரம் நான் வந்து மாற்றிக் கொடுக்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆறாம் வகுப்பு எது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. சத்தம் வந்த பக்கம் போனேன். உன் குரல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் குரல்தான் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

ஒரு பெண் போர்டில் பின்னக் கணக்கு எழுதி நின்றுகொண்டிருந்தாள். அவள் தமிழில் சொல்கிறாள், இன்னொருத்தி அதையே தெலுங்கில் திருப்பிச் சொல்கிறாள். வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள் போல. அவர்களுக்குக் கையாலும் சாக்பீஸாலும் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். நீ கடைசி பெஞ்சில், குட்டைப் பிள்ளைகள் நடுவில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாய். "எனக்குப் புரியலையே. கீழ இருக்கிற நாலு எங்க போச்சு?" என்று அப்பாவி மாதிரி கேட்டாய். அந்த முகம் எனக்குத் தெரியும். வெண்டைக்காய் அடுக்கிவைத்துவிட்டு நான் பார்த்த முகம். வகுப்பே உன் மேல் பாய்ந்து உனக்குப் புரியவைக்கிறது. பாப்பா, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ பீஸுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்ததில்லை. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. வேலை கிடைத்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன், வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்.

உங்கள் தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துவிட்டார். "யாரு சார், எந்த கிளாஸ் பேரன்ட்டு?" என்றார். "ஆறாம் கிளாஸ் கணக்கு டீச்சரோட அப்பாங்க" என்றேன். இதைச் சொன்னபோது என்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். உன்னைக் கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம்மா, கிளாஸ் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கேட்டுக்கு அருகில் ஓர் அம்மா நின்றிருந்தார். கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். பக்கத்தில் பத்துப் பதினொரு வயதுப் பெண். "நீங்க இங்க வேலைங்களா சார்?" என்று கேட்டார். இல்லையென்றேன். "ஆறாவது சேக்கணும் சார். மூணு ஸ்கூல் பாத்துட்டேன். எல்லாத்தயும் போன்ல போட்டோ எடுத்துனு போய் வீட்டுக்காரர் கிட்ட காட்டணும். இது பக்கந்தான், ஆனா ஒரே சத்தமா கீதே. எப்படி சார் இந்த ஸ்கூலு?" என்றார். எனக்கு வாய் நமநமத்தது. இதுதான் ஊரிலேயே நல்ல பள்ளி, உள்ளே இருப்பது என் மகள், கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாங்கள் பேசுவதை அவள் கவனிக்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவக் கேட்டீங்களாம்மா?" என்றேன். "அதுக்கு இன்னா சார் தெரியும்" என்றார் அந்த அம்மா. தப்பாகச் சொல்லவில்லை, பிள்ளைக்கு நல்லது செய்கிற அவசரத்தில் நாம் எல்லோரும் சொல்வதுதான். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தயங்கி, குனிந்து அவளிடம் தெலுங்கில், "நீக்கு இஷ்டமா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறதா என்று. அந்தப் பெண் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று திருப்பிக் கேட்டாள். போய் உங்கள் வகுப்பு வாசலில் நின்றாள். நீ எழுந்து வந்து ஏதோ சொன்னாய். அவள் உள்ளே போய்விட்டாள். அந்த அம்மா கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கேட்டருகிலேயே நின்றார். நான் அதற்கப்புறம் நிற்கவில்லை. அவள் சேர்ந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சேர்ந்தாலும் சரி, வேறு பள்ளி பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் சரி.

அன்றையிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நாலு பள்ளிக்குப் போனேன். கூரையைப் பார்த்தேன், கழிப்பறையைப் பார்த்தேன், தண்ணீரைக் குடித்துக்கூடப் பார்த்தேன். பத்துக் கட்டம் போட்டவன், அதில் உன் பெயரை ஒரு கட்டத்திலும் எழுதவில்லை. மற்ற கட்டமெல்லாம் தப்பாகவே இருந்திருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு கட்டம் இருந்திருந்தால் போதும். பேக்கரி வாசலில் உன்னை உட்காரவைத்து, உனக்கு எந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் பாப்பா என்று கேட்டிருக்கலாம். உன் வாயில் பன் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் இருந்தது, ஒரு நாளும் கேட்கவில்லை. அதை முதல்முதலாக உன்னிடம் கேட்டவர்கள், கிருஷ்ணகிரியில் கவுன்சிலிங் மேசையில் உட்கார்ந்திருந்த யாரோ. எந்த ஸ்கூல் வேணும் என்று கேட்டார்கள். பதினாறு வருடமாக வைத்திருந்த பதிலை நீ அவர்களிடம் சொன்னாய். சொன்ன கையோடு, பஸ் ஸ்டாண்டில் நின்று, அதை என்னிடமும் சந்தோஷமாகச் சொன்னாய்.

அதைக் கேட்டுத்தான் பாப்பா நான் போனை வைத்தேன்.

அப்பா